இலை உதிர்ந்தால் முறை மாறும்

குச்சி குத்துதா தாயி? இரு, பைய இந்தப் பக்கம் மாத்திக்கிறேன். அத்திக் குச்சிதான், முள்ளு கிள்ளு கிடையாது. வெட்டுன எடத்துல பால் வடியும், மேல பட்டா அரிக்கும். அதுக்குத்தான் துணி சுத்தி வச்சிருக்கேன்.

நீ எதுவரைக்கும்? வத்தலக்குண்டா. நான் அதுக்கு முன்னாடியே அய்யம்பாளையத்துல இறங்கணும். என் தங்கச்சி வீடு. வீடுன்னா வீடு இல்ல, சொல்றேன். இந்த வளைவெல்லாம் இறங்கி முடியுறதுக்குள்ள எனக்குத் தலை கிறுகிறுன்னு வந்துரும். யாருட்டயாவது பேசிக்கிட்டு வந்தா தெரியாது. பேசலாம்ல? உனக்குத் தொந்தரவு இல்லையே?

எம் பேரு தவமணி. பெரும்பாறைக்கு மேல எங்களுக்கு ஒரு அத்தித் தோட்டம் இருக்கு. ஆத்தோரத்துல நிக்கிற அத்தி இல்ல, சீமை அத்தி. காய வச்சு மாலை மாதிரி கோத்துக் கடையில தொங்க விட்டிருப்பான் பாரு, அந்தச் சாதி. எங்கப்பா எங்கிருந்தோ குச்சி கொண்டாந்து ஊனி வச்சாரு. காப்பி போடாம மிளகு போடாம இந்தாளு அத்தி போடுறான்னு ஊரே சிரிச்சுச்சு. அப்புறம் அந்தச் சிரிச்ச ஆளுகளே பிள்ளத்தாச்சிக்குப் பழம் வேணும்னு வாசல்ல வந்து நின்னாங்க. அது வேற கதை.

எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டு பொம்பளப் பிள்ளைக. நான் மூத்தவ, அடுத்து இந்திராணி. ஆம்பளப் பிள்ளை இல்ல. தோட்டத்த ரெண்டாப் பிரிக்கவும் வழியில்ல. ஊத்து மேலண்டப் பக்கம் இருக்கு, வீடு கீழண்டப் பக்கம் இருக்கு. எப்படிக் கோடு போட்டாலும் ஒருத்திக்குத் தண்ணி இருக்காது, ஒருத்திக்கு வீடு இருக்காது. அதனால முறை வச்சாரு. ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் அவ. யாரு முறையோ அவளுக்கு மரமும் வீடும். மத்தவ கீழ போயி இருந்துக்கணும்.

அந்த முறை எப்ப மாறும்னு கேளு. தேதி கிடையாது. பொங்கலு, சித்திரை ஒண்ணாந்தேதி, அப்படியெல்லாம் கிடையாது. இலை உதிர்ந்தா முறை மாறும். அம்புட்டுத்தான். சீமை அத்தி கூதலுக்கு இலையக் கொட்டிப்புடும். கார்த்திகை கடைசியில மஞ்சளாகும், மார்கழியில ஒண்ணு விடாம உதிர்ந்து மொட்டையா நிக்கும். அப்ப மரத்துல காயும் இருக்காது பிஞ்சும் இருக்காது. தேதி வச்சா இவ காயப் பறிச்சுட்டா, அவ பிஞ்ச விட்டுட்டான்னு சண்டை வரும், வெறும் குச்சிக்கு யாரு சண்டை போடுவான்னு அப்பா சொன்னாரு. புதுசா வர்றவ கவாத்து பண்ணுவா. வெட்டி விட்டாத்தான் புதுக் கொப்புல நல்ல காய் வரும்.

இலை உதிர்ந்ததும் மொட்டைக் குச்சி ஒண்ண ஒடிச்சுக் காலைப் பஸ்ஸுல டிரைவர்கிட்டக் குடுத்து விடுவோம். அதைப் பார்த்ததும் மத்தவ கிளம்பி வந்துருவா. வேற சேதி வேணாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்துச்சு. ஒரு சண்டை இல்ல, ஒரு மனத்தாங்கல் இல்ல. அக்கா தங்கச்சின்னா தவமணியும் இந்திராணியும் மாதிரி இருக்கணும்னு பேசிக்குவாங்க.

போன வருஷம் என் முறை. இந்த மார்கழியோட அவளுக்குப் போயிருக்கணும். குளிர் வரல தாயி. நான் என்ன பண்ணுவேன்?

நெசமாத்தான் சொல்றேன். மார்கழியில மனுசன் போர்வை இல்லாம படுத்தான் அங்க. கம்பளிய நான் பொட்டியிலிருந்து எடுக்கவே இல்ல. மரமெல்லாம் கார்த்திகையில எப்படி நின்னுச்சோ அப்படியே பச்சப்பசேல்னு நிக்குது. நிக்குதுன்னா சும்மா நிக்கல, வளருது. நுனியெல்லாம் புதுத் தளிரு, இலை ஒண்ணொண்ணும் சோத்துத் தட்டு அகலத்துக்கு. கொப்புக் கொப்பா மேல மேல போயிக்கிட்டே இருக்கு. பிஞ்சு வேற விடுது. சின்னச் சின்னதா, இனிப்பே இல்லாம. பறிக்கக் கை எட்டல. ஏணி போட்டுப் பறிச்சேன். ஏணி ஏறுற வயசா இது? அந்த மரத்துக்கும் ஓய்வு இல்ல, எனக்கும் ஓய்வு இல்ல. அலுத்துப் போச்சு எனக்கு.

ஆனா முறைன்னா முறைதானே. இலை உதிரல. நானா பிடிச்சு உலுக்க முடியும்?

எனக்கு அந்த வீட்டு மேல ஆசைன்னு ஊருல பேசுறாங்க. என்ன ஆசை? அவ முறை வருஷம் திண்டுக்கல்லுல எம் மகன் முருகவேல் வீட்டுலதான் இருப்பேன், எனக்கு என்ன குறை? டைல்ஸ் போட்ட வீடு. மருமக நல்ல பிள்ளைதான். எதுவும் சொல்ல மாட்டா. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல நடையில கட்டில் போட்டுக் குடுத்திருக்கா, காத்து நல்லா வரும். மெஷின் ஓடுறப்ப மட்டும் கட்டில் கொஞ்சம் ஆடும். ஃபிரிட்ஜத் தொறந்தா சத்தம் கேட்டு வந்து என்னத்த வேணும்னு கேப்பா, நானே எடுக்க விட மாட்டா. அம்புட்டு அக்கறை. பேரன் படிக்கிறப்ப நான் இருமக் கூடாது. படிக்கிற பிள்ளை, தொந்தரவு பண்ணலாமா? அந்த ஒரு வருஷமும் நான் எந்திரிச்சு உக்காந்து, எந்திரிச்சு உக்காந்து பொழுதப் போக்குவேன். ஒரு குறையும் இல்ல.

மார்கழியில போன் பண்ணினான் முருகவேலு. "என்னம்மா, இந்த வருஷம் இலையே உதிரலையாமே, நல்லதாப் போச்சு, அங்கயே இரு"ன்னான். அம்மா அலையக் கூடாதேன்னு அவனுக்கு. போன வச்சுட்டு ரொம்ப நேரம் வெளிய உக்காந்திருந்தேன். என்னவோ அழுகையா வந்துச்சு. வயசானா அப்படித்தான், காரணமில்லாம வரும்.

இந்திராணி கதைக்கு வர்றேன். அவ வீட்டுக்காரரு ஞானசேகரு நல்ல மனுசன். பஞ்சு மில்லுல வேலை பார்த்து நெஞ்சு போயிருச்சு அவருக்கு. இழுப்பு. நாலு எட்டு வச்சா நின்னு மூச்சு வாங்கணும். ஆனா அவங்க முறை வருஷம் மேல வந்தாருன்னா ஆளே மாறிருவாரு. தூசி இல்ல, புகை இல்ல. மரத்தடியில சேர் போட்டு உக்காந்து மத்தியானம் வரைக்கும் பேப்பர் படிப்பாராம். டாக்டரே சொல்லுவாராம், மேலயே இருக்க முடிஞ்சா இருங்கன்னு. ஒரே சங்கடம் அந்தக் கூதல்தான், ராத்திரியில கொஞ்சம் இருமல் வரும். இந்த வருஷம் அதுவும் இல்ல. குளிரே இல்லாத வருஷம், அவருக்குன்னே வந்த மாதிரி இருந்துச்சு. ரொம்ப ஒத்துப் போயிருக்கும்.

இவ என்ன பண்ணினா, எப்பவும் போலக் கார்த்திகையிலயே வாடகை வீட்டக் காலி பண்ணிட்டா. அந்த வீட்டு ஓனருக்கு இவுங்க பழக்கம் தெரியும், உடனே வேற ஆளுக்கு விட்டுட்டாரு. குச்சி வரும் வரும்னு சாமானக் கட்டி வச்சுக்கிட்டு, தேங்காய் நாரு உரிக்கிற கம்பெனிக்குப் பின்னாடி ஒரு ரூம்ல போயி உக்காந்துட்டா. நாரு மில்லு பார்த்திருக்கியா? காலையில மெஷினப் போட்டாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் மஞ்ச மஞ்சளாத் தூசி. சோத்துல கெடக்கும், தண்ணியில கெடக்கும். பத்து நாளைக்குத்தானேன்னு போனாளாம். நான் இருந்தா போகாதன்னு சொல்லியிருப்பேன். என்கிட்ட யாரு கேட்டா?

பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் மேல வந்தா. தனியா வந்தா. நான் சந்தோசமா வாடி வாடின்னு கூப்பிட்டேன். அவ வீட்டுக்குள்ள வரல. நேரா மரத்துக்கிட்டப் போயி அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் செருப்பக் கழட்டிட்டு வெறுங்காலால மண்ண மிதிச்சா. மிதிச்சுட்டு என்னயப் பார்க்குறா.

"அக்கா, இங்க மழை பேஞ்சுச்சா?"

"மழை எங்கடி பேஞ்சுச்சு. ஒரு தூத்தல் கூட இல்ல"ன்னேன்.

"அப்ப மண்ணு ஏன் இம்புட்டு ஈரமா இருக்கு?"

இது என்ன கேள்வி தாயி? மரம்னா தண்ணி விட வேண்டாமா? அப்பா ஐப்பசியோட மடைய அடைச்சிருவாருல்ல, தண்ணி நின்னாத்தானே மரம் அடங்கும்னு சொல்றா. எனக்குத் தெரியாதா? ஆனா அப்பா காலத்துல குளிர் இருந்துச்சு. இந்த வருஷம் வெயிலு. இலை வாடிக்கிட்டுத் தொங்குறதப் பார்த்துக்கிட்டுச் சும்மா உக்கார எனக்கு மனசு வரல. சாயங்காலம் சாயங்காலம் மடையத் தொறந்து கொஞ்சம் போல விட்டேன். அதுல என்ன தப்பு? எங்கப்பா வச்ச மரம், அவளுக்குக் காய்க்க வேண்டிய மரம். அவளுக்காகத்தானே காப்பாத்துனேன். குளிர் வராததுக்கு நானா பொறுப்பு?

அவ சண்டை போடல. சண்டை போட்டிருந்தாலாவது நான் பதில் சொல்லியிருப்பேன். அப்படியே வரப்புல உக்காந்துட்டா.

"அவரு மூச்சுக்குத் தவிக்கிறாரு அக்கா. மரத்த நீயே வச்சுக்க. காயெல்லாம் நீயே பறிச்சுக்க. வீட்ட மட்டும் விடு."

நான் என்ன சொல்லணும் நீயே சொல்லு. அப்பா வீடு வேற மரம் வேறன்னு சொல்லல. ஒரு தடவை முறைய ஒடச்சோம்னா அப்புறம் அதுக்கு மதிப்பு ஏது? நாளைக்கு எங்களுக்கப்புறம் பிள்ளைக வருவாங்க, அதுக என்ன நினைக்கும்? அதைத்தான் சொன்னேன். பொறுமையாத்தான் சொன்னேன். "இலை உதிரட்டும்டி, மறுநாளே குச்சி குடுத்து விடுறேன்"னேன். அவ மரத்த இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தா. சரிக்கான்னா. காப்பி போட்டேன், குடிக்கல. பழம் ஒரு பை நெறயக் குடுத்து விட்டேன். சாயங்காலப் பஸ்ஸுல டிரைவர் தம்பி அந்தப் பைய எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துட்டுப் போகுது. பஸ் ஸ்டாப்புலயே மறந்து வச்சுட்டா போல. அவளுக்கு எப்பவும் ஞாபக மறதி.

அதுக்கப்புறமும் நான் தினமும் காலையில எந்திரிச்சதும் மரத்தத்தான் பார்த்தேன். ஒரு இலையாவது பழுத்திருக்கான்னு பார்த்தேன். சாமி மேல ஆணையாப் பார்த்தேன். பச்சை. எல்லாம் பச்சை.

மாசி மாசம் போன் வந்துச்சு. ஞானசேகரு போயிட்டாரு.

ஓடுனேன் தாயி. இருந்த சேலையோட ஓடுனேன். அந்த நாரு கம்பெனிக்குப் பின்னாடி சின்ன எடம், பொணத்தப் போட்டா ஆளு நிக்க எடமில்ல. எல்லாரையும் ரோட்டுல சேர் போட்டு உக்கார வச்சிருந்தாங்க. சாவுக்குன்னு மெஷின நிறுத்தியிருந்தாங்க. அப்பவும் தூசி வெயில்ல மெதந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் அழுத அழுகை அங்க யாரும் அழல. இந்திராணியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவ கையத் தூக்கி என்னயப் பிடிக்கல. மரக்கட்டை மாதிரி நின்னா. துக்கம் அப்படி. ரொம்ப நேரம் கழிச்சு எங்காதுகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னா. "இலை உதிர்ந்துருச்சான்னு தினமும் கேட்டாரு அக்கா"ன்னு.

அவரு விதி. மேல வந்திருந்தாலும் போகத்தானே செஞ்சிருப்பாரு. யாரு கண்டா? நெஞ்சு போன மனுசன். எங்க வீட்டுக்காரரு மேலயே இருந்துதான் செத்தாரு, அந்தக் காத்து அவர என்ன காப்பாத்துச்சா? எல்லாரும் என்னய ஒரு மாதிரியாப் பார்த்தாங்க அன்னைக்கு. சாப்பாட்டுப் பந்தியில என் பக்கத்துச் சேர் காலியாவே இருந்துச்சு. ஏன்னு எனக்குத் தெரியல.

இதுக்கப்புறம் நடந்ததக் கேளு. பங்குனி வந்ததும் ஊத்து வத்திப் போச்சு. இதுவரைக்கும் வத்துனதே இல்ல. மார்கழி தையின்னு அவ்வளவு தண்ணி அதுல இருந்து எடுத்தா அது என்ன பண்ணும்? மடையத் தொறந்தா சொட்டு வரல. தண்ணி நின்னு கொஞ்ச நாளுதான். இலை பழுக்க ஆரம்பிச்சுச்சு. மழை மாதிரி கொட்டுது தாயி. கூட்டக் கூட்டக் கொட்டுது. எல்லா மரமும் மொட்டை. பங்குனி வெயில்ல அத்தி மொட்டையா நின்னு நீ பார்த்திருக்க மாட்ட. காலம் கெட்டுப் போச்சு, வேற என்னத்தச் சொல்ல.

மரம் தேறுமான்னு தெரியல. நுனியெல்லாம் காஞ்சு கெடக்கு. பட்டையச் சீவிப் பார்த்தேன், சிலதுல பச்சை இருக்கு, சிலதுல இல்ல. ஓய்வில்லாம வளர்ந்த மரம், ஒரே அடியா ஓஞ்சு போச்சு. இருந்தாலும் இலை உதிர்ந்துருச்சா இல்லையா? முறை மாறணுமா இல்லையா? நான் வார்த்தை தவற மாட்டேன். அன்னைக்கே குச்சிய ஒடிச்சுக்கிட்டு காலைப் பஸ்ஸுக்குப் போயிட்டேன். டிரைவர் தம்பி எப்பவும் சிரிச்ச முகமா வாங்கிக்குமே, அன்னைக்கு வாங்கல. அந்த வீட்டுக்கு இத என் கையால கொண்டு போயிக் குடுக்க மாட்டேன், நீங்களே போங்கன்னுருச்சு. லைன் பஸ்ஸு, அதுக்கு நேரம் இருக்காது பாவம். ரெண்டு மூணு நாளு தள்ளிப் போட்டுட்டு இன்னைக்கு நானே கிளம்பிட்டேன்.

என்ன கேட்ட? வீட்டுல எத்தனை ரூமா? மூணு ரூம். அடுப்படி தனி. பின்னால ஒரு சாமான் ரூம். ஏன் கேக்குற?

ரெண்டு பேரும் சேந்து இருக்கக் கூடாதான்னா கேக்குற?

இருக்கலாம். தாராளமா இருக்கலாம். ஆறு பேரு கூடப் படுக்கலாம் அந்த வீட்டுல. ஆனா முறைன்னு ஒண்ணு இருந்துச்சுல்ல. ஒருத்தி வந்தா ஒருத்தி போவோம். அப்படியே பழகிருச்சு. அவளும் கேக்கல, நானும் கேக்கல. அவ கேட்டது வீட்ட மட்டும் விடுன்னுதான். சேர்ந்து இருப்போம்னு கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? கூடப் பொறந்தவ. அவரு ஒரு ரூம்ல படுத்திருந்திருப்பாரு. எனக்கென்ன. நான் சாமான் ரூம்ல கூடப் படுத்திருப்பேன், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல படுத்துப் பழகுனவதானே.

நானும் யோசிக்கல தாயி. எம் புத்திக்கு அது வரவே இல்ல.

சரி, இப்ப என்ன கெட்டுப் போச்சு? இப்பக் கேக்குறேன். அதுக்குத்தானே போறேன். வாடி, ரெண்டு கிழவியும் சேர்ந்து கெடப்போம்னு சொல்லப் போறேன். அவளுக்கு இனி வர்றதுல ஒரு சிரமமும் இல்ல பாரு. முன்னாடின்னா அவரக் கூட்டிக்கிட்டு வரணும், கார் பிடிக்கணும், ஆக்ஸிஜன் அது இதுன்னு தூக்கிக்கிட்டு வரணும். இப்ப அதெல்லாம் இல்ல. ஒத்த ஆளு. ஒரு பஸ்ஸு ஏறுனா வந்துரலாம்.

ஏந்தாயி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட? வெயில் அடிக்குதா?

சொல்லு, நீ படிச்ச பிள்ளையாத் தெரியுற. போயி அவ முன்னாடி நின்னு எப்படி ஆரம்பிக்கணும்? இலை உதிர்ந்துருச்சுன்னு சொல்லவா? அவரு தினமும் கேட்டாருன்னாளே. அதச் சொன்னா அவ என் முகத்தப் பார்ப்பா. மரத்தடியில நின்னு அன்னைக்குப் பார்த்தா பாரு, அப்படிப் பார்ப்பா. எனக்கு அது ஒண்ணுதான் பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நான் ஒரு தப்பும் பண்ணல. ஆனா பயமா இருக்கு.

வண்டி ஏன் நிக்குது? அய்யம்பாளையமா? அதுக்குள்ளயா வந்துருச்சு?

நீ எந்திரிக்க வேணாம் தாயி, உக்காரு. கால மடக்க வேணாம். வத்தலக்குண்டு வரைக்கும் நானும் வர்றேன். திரும்பி வர்றப்ப இறங்கிக்கலாம், வெயிலும் தாழ்ந்துருக்கும்.

கண்டக்டர் தம்பி, வண்டிய எடுக்கச் சொல்லுப்பா. இங்க இறங்குற ஆளு யாரும் இல்ல.